நந்தனார் பள்ளி கண்ட சுவாமி சகஜானந்தர்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், இம்மலரில் கழகத்தின் வளர்ச்சியும் வரவு செலவும் தேர்ச்சி பெற்ற மாணவர் பட்டியலும் இடம் பெறுகின்றன. அவற்றோடு ஒரு பெரியாரின் வாழ்க்கையையும் சேர்த்து வைக்க விரும்பினோம். நமக்கு முன்னே, நம்மைவிடக் குறைந்த வசதியோடு, நம்மைவிடப் பெரிய தடைகளுக்கு நடுவே பள்ளி நடத்திக் காட்டியவர் அவர். சிதம்பரம் ஓமக்குளத்தில் 1916ஆம் ஆண்டு இருபத்தைந்து பிள்ளைகளோடு நந்தனார் கல்விக் கழகப் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தரே அப்பெரியார். அன்று அவரிடம் இருந்தவை இருபத்தைந்து பிள்ளைகளும் ஒரு காவியுடையுமே. இன்று நம்மிடம் இருபத்தைந்து ஆண்டுகள் இருக்கின்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நம் இளைஞர்க்குப் பயன் தரும் என்று நம்புகிறோம்.

முத்தையாபுரத்தில் இருந்துகொண்டு சிதம்பரத்துக்காரரை ஏன் பாட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அங்கே வீராணத்து ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்தவர்களின் பிள்ளைகள். இங்கே உப்பளத்துப் பாத்தியில் வெயிலோடு வெயிலாக நின்றவர்களின் பிள்ளைகள். அங்கே மாடு மேய்க்கப் போன சிறுவனைப் பள்ளிக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. இங்கே உப்பு வாரும் பருவம் வந்தால் தாயோடு அளத்துக்குப் போய்விடும் சிறுமியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. ஊர் வேறு, உழைப்பு வேறு; இடையில் நின்றுபோகும் படிப்பு ஒன்றே. சகஜானந்தரின் வாழ்வே இடையில் நின்றுபோன ஒரு படிப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

பிறப்பும் இளமையும்

வட ஆற்காட்டுப் பகுதியில் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1890ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள் அண்ணாமலை, அலமேலு என்னும் பெற்றோர்க்கு மகனாகப் பிறந்தார் அவர். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. குடும்பம் ஏழைக் குடும்பம். ஆதிதிராவிடர் சேரியில் அன்று ஏழைமை இல்லாத குடும்பம் ஏது? ஆயினும் பையனிடம் அறிவுக்கூர்மை இருந்தது. ஊரில் தொடக்கக் கல்வி முடிந்ததும் திண்டிவனத்தில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்து, விடுதியில் தங்கிப் படித்தார்.

அந்நாளில் சேரிப் பிள்ளை உயர்நிலைப்பள்ளி வாசலை மிதிப்பதே அரிய செயல். சென்னையில் கர்னல் ஆல்காட் பஞ்சமர்க்கென இலவசப் பள்ளி திறந்தது 1894ஆம் ஆண்டில்தான். அரசுப் பள்ளிகளில் நம்மவர் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று ஏட்டில் ஆணை இருந்தாலும், அப்பள்ளி அக்கிரகாரத்திலோ ஊர்த்தெருவிலோ இருந்துவிட்டால் அந்தத் தெருவில் நடக்கவே வழியிராது. நடக்க வழியில்லாத தெருவில் இருக்கும் பள்ளி திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? அத்தகைய காலத்தில் திருச்சபையார் நடத்திய பள்ளிகளே பலருக்குக் கதியாயின.

அறுபது ரூபாய்

முனுசாமி பாடங்களில் முதன்மையாக விளங்கினார். விவிலியத்திலும் நல்ல தேர்ச்சி பெற்றார். அவருடைய திறமையைக் கண்ட பள்ளியார் சிகாமணி என்று வேறு பெயரிட்டு அழைத்தனர் என்பர். நாளடைவில் அவரைக் கிறித்தவராக மாறுமாறு வற்புறுத்தினர். பையன் இசையவில்லை. இசையாமற்போகவே, விடுதியில் அவருக்கு அதுவரை ஆன செலவு அறுபது ரூபாயைக் கட்டுமாறு கேட்டனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அன்று அறுபது ரூபாய் என்பது எட்டாத மலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது.

இதனைச் சொல்லும்போது ஒன்றை மறவாமல் சொல்லிவிட வேண்டும். நம் நெல்லைச் சீமையில் சாயர்புரம், நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம் முதலிய ஊர்களில் திருச்சபையார் ஏற்றிய கல்வி விளக்கால் ஒளி பெற்ற குடும்பங்கள் எண்ணில. நம் உறுப்பினருள்ளும் அவ்வழி வந்தோர் உளர். விரும்பி ஏற்ற சமயத்தில் அவர்கள் பெருமையோடு வாழ்கின்றனர். ஆகவே எச்சமயத்தின் மீதும் பழி சுமத்துவது நம் நோக்கமன்று. ஒரு சிறுவனுக்குப் படிப்பைக் கொடுக்கும்போது அதற்கு ஈடாக அவனிடமிருந்து எதையேனும் கேட்கலாமா என்பதே இந்நிகழ்ச்சி எழுப்பும் கேள்வி. சமயம் மாறுவதும் மாறாதிருப்பதும் அவன் வளர்ந்தபின் அவனே தேர்ந்துகொள்ள வேண்டியவை. படிப்பின் விலையாக அதை நிர்ணயிக்கலாகாது. பிற்காலத்தில் சகஜானந்தர் பள்ளி நடத்திய முறையெல்லாம் இக்கேள்விக்கு அவர் அளித்த விடையே என்று நாம் கருதுகிறோம்.

கோலாரும் வியாசர்பாடியும்

படிப்பு நின்றபின் அவர் கோலார் தங்கவயல் சென்றார். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அந்நாளில் அச்சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போயினர். நம் பக்கத்து ஏழை மக்கள் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனது போன்றதே அது. ஆனால் தங்கவயல் வெறும் கூலிக்காடாக இருந்துவிடவில்லை. பண்ணையார் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கையில் ரொக்கக் கூலி பெற்ற மக்கள், அங்கே சங்கம் கூட்டினர். இதழ் வாங்கிப் படித்தனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு தொடங்கிய இதழுக்கும் அவர் பரப்பிய பௌத்தத்துக்கும் தங்கவயலில் பெரும் ஆதரவு இருந்தது. சமயம், சமூகம், சாதி பற்றிய வாதங்கள் நிகழ்ந்த அவ்விடத்தில் இளைஞர் முனுசாமி வளர்ந்தார்.

அவர் மனம் துறவின்பால் சென்றது. சென்னை வியாசர்பாடியில் வாழ்ந்த கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்து அவருக்குச் சீடரானார். கையையே உண்கலமாகக் கொண்டு, அதில் இட்டதை மட்டும் உண்டு வாழ்ந்தமையால் அவருக்குக் கரபாத்திரர் என்று பெயர். அவரிடம் வேதாந்தமும் சைவ நூல்களும் பயின்ற முனுசாமிக்குச் சகஜானந்தர் என்னும் துறவுப் பெயர் கிடைத்தது. சேரியில் பிறந்த ஒருவர் சாத்திரம் படிக்கவும் காவி உடுக்கவும் உரிமை உண்டோ என்று கேட்டவர்கள் அன்று பலர். குரு அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தக் குருவின் கட்டளைப்படியே 1910ஆம் ஆண்டு, இருபது வயது இளந்துறவியாக, சகஜானந்தர் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

ஓமக்குளம்

சிதம்பரத்தில் அவர் அமர்ந்த இடம் ஓமக்குளம். நந்தனார் தீயில் இறங்கிய இடம் அதுவே என்பது மக்கள் நம்பிக்கை. திருநாளைப்போவார் நாயனார் என்று பெரியபுராணம் போற்றும் நந்தனாரின் கதையை நம் முதியோர் அனைவரும் அறிவர். ஆதனூர்ச் சேரியில் பிறந்தவர். தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று நாட்களைக் கடத்தியவர். இறுதியில் வேள்வித் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுக்குள் செல்ல இடம் பெற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையைக் கீர்த்தனைகளாக்கினார். அவை நாடெங்கும் பாடப்பெற்றன. கேட்டவர்கள் கண்ணீர் உகுத்தனர். ஆனால் கண்ணீர் உகுத்தவர்கள் வீட்டு வாசலில் நந்தனார் குலத்தவர் நிற்கவும் முடியவில்லை.

அந்த இடத்தில், அந்தப் பெயரில், சகஜானந்தர் ஒரு மடம் கண்டார். அடுத்து 1916ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிப் பள்ளியைத் திறந்தார். பெயரைக் கேட்டவர்கள் பக்தியின் அடையாளம் என்றே எண்ணியிருப்பர். நமக்கோ அதில் வேறொரு பொருளும் தோன்றுகிறது. நந்தனார் தீயில் மூழ்கித்தான் வாயிலைக் கடக்க வேண்டியிருந்தது. நந்தனார் பள்ளியின் வாயிலைக் கடக்க ஒரு பிள்ளை எத்தீயிலும் இறங்க வேண்டியதில்லை. பெயரை மாற்ற வேண்டாம், பெற்றோரை மறைக்க வேண்டாம், அறுபது ரூபாய் கொண்டுவர வேண்டாம், வந்தால் போதும். திண்டிவனத்தில் தமக்கு நேர்ந்தது மற்றொரு பிள்ளைக்கு நேராதபடி அவர் கட்டிய வாயில் அது.

பள்ளி வளர்ந்த வகை

பள்ளி தொடங்குவது எளிது. நடத்துவதே அரிது என்பதை இருபத்தைந்து ஆண்டுகளாக நாமும் கண்டு வருகிறோம். வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு முன்னே சோறு வேண்டும். படுக்க இடம் வேண்டும். மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டும். பண்ணையில் வேலை செய்யும் தந்தைக்கு, மாடு மேய்த்து மகன் கொண்டுவரும் கூலியை விட்டுவிட மனம் வர வேண்டும். பண்ணையாருக்கோ, ஆளின் மகன் எழுதப் படிக்கக் கற்பது பிடிக்காது. கணக்குப் படித்தவன் கடன் கணக்கையும் கேட்பான் அல்லவா? இத்தனை தடைகளையும் தாண்டித் தென்னாற்காட்டுச் சேரிகளிலிருந்து பிள்ளைகளைத் திரட்டினார் சகஜானந்தர். மாணவர் விடுதி அமைத்தார். இரவலர் போல ஊர் ஊராகச் சென்று செல்வரிடமும் எளியவரிடமும் பொருள் திரட்டினார். குரு தம் ஒரு வயிற்றுக்காகக் கையேந்தினார். சீடரோ நூறு வயிறுகளுக்காகக் கையேந்தினார்.

அந்நாளில் மற்றப் பள்ளிகளின் நிலை எப்படி இருந்தது என்பதற்கு அம்மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. காட்டுமன்னார்கோயிலில் 1924ஆம் ஆண்டு பிறந்த எல். இளையபெருமாள், தாம் படித்த பள்ளியில் சேரிப் பிள்ளைகளுக்கெனத் தனியே வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தெறிந்தார். படிக்க இடம் கொடுத்த பள்ளியும் தண்ணீர் குடிக்கத் தனிப்பானை வைத்த காலம் அது. அக்காலத்தில் நம் பிள்ளைகள் தலை நிமிர்ந்து உட்காரும் வகுப்பறையாக ஓமக்குளத்துப் பள்ளி விளங்கியது என்றால், அதன் அருமை விளங்கும்.

நம் தூத்துக்குடிக்கும் இவர் வரலாற்றில் ஓர் இடமுண்டு. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, தூத்துக்குடியில் 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் கழகம் கண்டு, 1908ஆம் ஆண்டு கோரல் மில் தொழிலாளர்க்குத் தலைமை தாங்கிய வ.உ. சிதம்பரனார், சகஜானந்தரிடம் பேரன்பு கொண்டிருந்தார். அவரைத் தம் வீட்டில் தங்கவைத்துத் தமிழ் நூல்களைப் பயிற்றினார் என்று வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். வெளியே சமத்துவம் பேசுவோர் பலர். வீட்டில் இலை போட்டு உடன் உட்காருவோர் சிலரே. அச்சிலருள் ஒருவராக நம் கடற்கரைத் தலைவர் விளங்கினார் என்பது நமக்குப் பெருமை.

காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு சிதம்பரம் வந்தபோது நந்தனாரின் வாழ்வையே எடுத்துப் பேசினார். நாட்டின் பார்வை நந்தனார் பெயர் தாங்கிய நிலையத்தின் பக்கமும் திரும்பிற்று. பள்ளி படிப்படியாக உயர்ந்து உயர்நிலைப்பள்ளியாயிற்று. பெண்பிள்ளைகளின் கல்வியும் அவ்வழியே வளர்ந்தது. இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே நந்தனார் பெயரில் அரசு மேல்நிலைப்பள்ளிகள் சிதம்பரத்தில் நடைபெறுகின்றன.

சட்டமன்றத்தில்

கையேந்திப் பெறும் உதவியால் ஒரு பள்ளியை நடத்தலாம்; ஒரு சமூகத்தையே படிக்கவைக்க அரசின் கருவூலம் திறக்க வேண்டும். இதனை உணர்ந்தவர் சகஜானந்தர். அவர்க்கு முன்பே அவ்வழியில் நடந்தோர் உண்டு. பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா 1920ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்துள் நுழைந்தார். இழிவுப் பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்க வேண்டும் என்னும் தீர்மானம் 1922ஆம் ஆண்டு நிறைவேற அவர் காரணமானார். இரட்டைமலை சீனிவாசன் 1924ஆம் ஆண்டு பொதுச்சாலை, பொதுக்கிணறு முதலியவற்றில் அனைவர்க்கும் உரிமை வேண்டித் தீர்மானம் கொண்டுவந்து வென்றார். அவர்களைத் தொடர்ந்து 1926ஆம் ஆண்டு சகஜானந்தர் நியமன உறுப்பினராகச் சென்றார். இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, தம் இறுதிக் காலம் வரை அவர் சட்டமன்றத்தில் பணியாற்றினார்.

அங்கே அவர் பேச எடுத்துக்கொண்டவை கல்வி உதவித்தொகை, விடுதி, குடியிருப்பு மனை, நிலம், கோயில் நுழைவு ஆகியவை. காவியுடுத்தவர் மோட்சம் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பர். சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. நந்தனார் தீயில் இறங்கியும், மக்கள் நூற்றாண்டுகளாக வெளியே நின்றும் பெறாத உரிமை, தாளில் எழுதிய ஒரு சட்டத்தால் வந்தது. சட்டம் எழுதும் இடத்தில் நம்மவர் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

பள்ளியின் மக்கள்

ஒரு பள்ளியின் பெருமையைச் சொல்லும்போது அங்கே படித்து அமைச்சரானவர் யார், ஆட்சியரானவர் யார் என்று எண்ணுவது வழக்கம். நந்தனார் பள்ளியை அந்த அளவுகோலால் மட்டும் அளந்தால் அதன் பணி முழுமையாகத் தெரியாது. தென்னாற்காட்டுச் சேரிகளில் முதல் தலைமுறையாகப் படித்து ஆசிரியரானோரும் அரசு அலுவலரானோரும் பலர் அப்பள்ளியின் பிள்ளைகளே. ஊரில் ஒருவர் பள்ளியிறுதி வகுப்புத் தேறினால் என்ன நடக்கும் என்பதை நம் ஊரிலேயே கண்டிருக்கிறோம். பட்டாவில் எழுதியிருப்பது என்ன என்பதைப் பிறரிடம் கொண்டுபோய்க் கேட்க வேண்டியதில்லை. தாசில்தாருக்கு மனு எழுதச் சேரிக்குள்ளேயே ஆள் இருக்கிறது. கைநாட்டு வாங்கிக்கொண்டு கூலியைக் குறைப்பவன் இருமுறை யோசிக்கிறான். அவர் ஆசிரியரானாலோ, அடுத்த முப்பது ஆண்டுகளில் அவர் கைப்பட்ட பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் எழுவர். பெயர்ப்பலகையில் இடம்பெறாத இவர்களே அப்பள்ளியின் தலைசிறந்த மாணாக்கர் என்போம்.

பானையை உடைத்த இளையபெருமாள் 1952ஆம் ஆண்டு முதல் மக்களவைக்கு உறுப்பினரானார். அவர் தலைமையில் அமைந்த தீண்டாமை பற்றிய குழு 1969ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, கோயிலில் பரம்பரை அர்ச்சகர் முறையையே ஒழிக்க வேண்டும் என்று கூறியது. ஒரே மாவட்டத்தில் ஒருவர் பள்ளி கட்டினார். மற்றொருவர் பானை உடைத்தார். கட்டுவதும் வேண்டும், உடைப்பதும் வேண்டும்.

மாறுபட்ட கருத்துகள்

சகஜானந்தரின் வழியை ஏற்காதோரும் நம்மிடையே உளர், அதையும் மறைக்கலாகாது. நம்மை வெளியே நிறுத்திய சமயத்துக்குள்ளேயே நின்று உரிமை கேட்பது வீண் என்று அயோத்திதாசர் பௌத்தம் தழுவினார். அண்ணல் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டு இலட்சக்கணக்கான மக்களோடு அவ்வழி சென்றார். தீக்குளித்த நந்தனாரைப் போற்றுவது அடிமைத்தனத்தைப் போற்றுவதாகும் என்று வாதிடுவோரும் உண்டு. சகஜானந்தரோ சைவத்தை விடவில்லை. அது தம் மக்களுக்கும் உரியது என்று உரிமை கொண்டாடினார். இவ்வழக்கை இங்கே தீர்க்க முற்படவில்லை. இளைஞர்கள் இருபக்க நூல்களையும் படித்துத் தாமே தெளிக. ஒன்றை மட்டும் கவனிக்குமாறு வேண்டுகிறோம். அம்பேத்கர் 1945ஆம் ஆண்டு மக்கள் கல்விக் கழகம் நிறுவி, அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். சமயத்தில் எதிர்த்திசை நோக்கி நடந்த இருவரும் பள்ளியின் வாயிலில் சந்தித்தனர்.

நாம் செய்ய வேண்டுவது

1959ஆம் ஆண்டு மே முதல் நாள் சகஜானந்தர் மறைந்தார். திருமணமின்றித் துறவியாக வாழ்ந்த அவர்க்குச் சொத்தென்று இருந்தது அப்பள்ளியே. மக்கள் என்று இருந்தோர் அதில் படித்தோரே.

இன்று நம் முத்தையாபுரத்தில் தொழிற்சாலைகள் உண்டு. 1974ஆம் ஆண்டு திறந்த பெருந்துறைமுகம் அருகில் உண்டு. அரசுப் பள்ளிகளும் உதவித்தொகையும் உண்டு. தனிப்பானையும் அறுபது ரூபாய்ப் பற்றுச்சீட்டும் பழங்கதையாயின என்று மகிழ்கிறோம். ஆனால் படிப்புக்கு ஈடு கேட்கும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிட்டதா? சிறப்பு வகுப்புக்குக் கட்டணம் கேட்கப்படுகிறது. கட்ட இயலாத பிள்ளை பின்வரிசைக்குப் போகிறது. உப்பளத்து வேலை மிகும் மாதங்களில் சில பிள்ளைகளின் வருகை குறைகிறது. சாதிச் சான்றிதழைக் காட்டி உதவித்தொகை பெறும்போது உடன் படிப்போர் பார்க்கும் பார்வைக்கு அஞ்சி, விண்ணப்பமே போடாத பிள்ளைகளும் உண்டு. பெயரை மறைத்தும் தெருவை மறைத்தும் படிக்க வேண்டிய நிலை ஒரு பிள்ளைக்கு இருந்தாலும், நந்தனார் இறங்கிய தீ இன்னும் அணையவில்லை என்பதே பொருள்.

ஆகவே இவ்வெள்ளி விழா நாளில் நம் கழகத்தார் மூன்று செயல்களை மேற்கொள்ள வேண்டுகிறோம். பருவ வேலையால் படிப்பு நின்ற பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆண்டுதோறும் உறுப்பினர் நேரில் செல்லுதல் முதலாவது. நம் மாலை வகுப்பில் எந்தப் பிள்ளையிடமும் எந்தக் கட்டணமும், எந்தச் சமயமும், எந்தக் கட்சியும் கேளாதிருத்தல் இரண்டாவது. படித்து வேலைக்குப் போனவர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைப் பள்ளியிறுதி வரை கைவிடாது தாங்குதல் மூன்றாவது. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நாளும் தவறாத கருத்து ஒன்றே வேண்டும்.

சகஜானந்தர் இருபத்தைந்து பிள்ளைகளோடு தொடங்கினார். இம்மலரைக் கையில் வைத்திருக்கும் இளைஞனே, நீ ஒரு பிள்ளையோடு தொடங்கு. வாயிலைத் திறந்து வை. வருகின்ற பிள்ளையிடம் ஒன்றும் கேளாதே.